‘ஆப்ஷனல்’ நேர்காணல்: விருப்பம் யாருடையது?

கேள்வி சுருக்கமாக இது. அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் இளநிலைப் படிப்புக்காகப் பதினொரு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கவிருக்கிறார். அவற்றுள் ஆறு கல்லூரிகள் நேர்காணல் ‘ஆப்ஷனல்’ என்று அறிவித்திருக்கின்றன. பெண்ணுக்குக் கூச்ச சுபாவம். போகாவிட்டால் அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்வார்களோ, போய்த் தடுமாறினால் இருக்கிற வாய்ப்பும் கெட்டுவிடுமோ என்று பெற்றோர் கேட்டிருக்கிறார்கள்.

நான் படித்த பல்கலைக்கழகத்துக்காகப் பதினான்கு ஆண்டுகளாக, முன்னாள் மாணவன் என்ற முறையில், விண்ணப்பதாரர்களை நேர்காணல் செய்து வருகிறேன். ஊதியம் இல்லாத தன்னார்வப் பணி அது. ஆண்டுக்கு ஏழெட்டுப் பேர் என்று இதுவரை நூறு பேரையாவது பார்த்திருப்பேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வாய்ப்பு வந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வதே நல்லது, வராவிட்டால் அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இதை அப்படியே ஆறு கல்லூரிகளுக்கும் பொருத்திவிடக் கூடாது. ‘ஆப்ஷனல்’ என்ற ஒரே சொல்லை ஒவ்வொரு கல்லூரியும் வெவ்வேறு பொருளில் பயன்படுத்துகிறது என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

முதலில் கேட்க வேண்டியது, விருப்பம் யாருடையது என்பதே. ஹார்வர்ட், யேல், டார்ட்மத், எம்.ஐ.டி. போன்ற இடங்களில் அந்த விருப்பம் உண்மையில் மாணவருடையது அன்று. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் பகுதியில் நேரம் உள்ள முன்னாள் மாணவர் ஒருவர் இருந்தால் அவர் மின்னஞ்சல் அனுப்புவார். இல்லாவிட்டால் அனுப்ப மாட்டார். மாணவர் கேட்டுப் பெற முடியாது. யேல் ஒரு படி மேலே போய், யாரைப் பற்றிக் கூடுதல் தகவல் தேவைப்படுகிறதோ அவர்களுக்கே முன்னுரிமை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இந்த வகைக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தால் அதைச் சேர்க்கைக்கான அறிகுறியாகக் கொண்டாடுவதும், வராவிட்டால் நிராகரிப்பின் அறிகுறியாக நினைத்துத் தூக்கத்தைத் தொலைப்பதும் ஒரே தவற்றின் இரண்டு வடிவங்கள். என் பகுதியில் சில ஆண்டுகள் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு நாற்பது விண்ணப்பங்கள் வந்து, நேர்காணல் செய்ய நாங்கள் மூன்றே பேர் இருந்திருக்கிறோம். அழைப்பு வராத பலரைப் பொறுத்தவரை காரணம் அவ்வளவுதான்.

சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் (பல துறைகளையும் கலந்து கற்பிக்கும் இளநிலைக் கல்லூரிகள்) பலவற்றில் நிலைமை தலைகீழானது. அங்கே சேர்க்கை அலுவலகத்தின் இணையதளத்தில் ஒரு நாள்காட்டி இருக்கும். மாணவரே நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பேசுபவர் சேர்க்கை அலுவலராகவோ, பயிற்சி பெற்ற இறுதியாண்டு மாணவராகவோ இருப்பார். இங்கேதான் விருப்பம் முழுக்க மாணவர் கையில் இருக்கிறது; ஆகவே இங்கே போகாமல் இருப்பதும் கவனிக்கப்பட வாய்ப்பு உண்டு. இடம் கொடுத்தால் வருவார்களா மாட்டார்களா என்பது இத்தகைய கல்லூரிகளுக்கு வாழ்வாதாரப் பிரச்சினை. அதனால் வளாகத்தைப் பார்க்க வந்தாரா, தகவல் கூட்டத்தில் கலந்துகொண்டாரா, நேர்காணலுக்குப் பதிவு செய்தாரா என்று விண்ணப்பதாரரின் ஆர்வத்தைக் கணக்கில் வைக்கும் கல்லூரிகள் பல உண்டு. ‘டெமான்ஸ்ட்ரேட்டட் இன்ட்ரஸ்ட்’ என்று கவுன்சிலர்கள் அடிக்கடி சொல்வது இதைத்தான். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் 2008-இல் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண் கட்டாயம் இல்லை என்று அறிவித்தபோது, அதற்கு ஈடாக நேர்காணலுக்கு அழுத்தம் கொடுத்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

மூன்றாவதாக, பிரின்ஸ்டன் விண்ணப்பத்திலேயே நேர்காணல் வேண்டாம் என்று குறிக்க வழி வைத்திருக்கிறது. அப்படிக் குறிப்பதால் பாதகம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறது. இதை நான் அப்படியே நம்புகிறேன். ஜார்ஜ்டவுன் நேர்காணலைத் தேவையான ஒன்றாகவே வைத்திருக்கிறது. முன்னாள் மாணவர் கிடைக்காத இடங்களுக்கு மட்டும் விலக்கு. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களைப் போன்ற பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களின் பொதுச் சேர்க்கையில் நேர்காணல் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் ஆகிய கல்லூரிகளும் நேர்காணலைத் தேர்வுக் கருவியாக வைத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு கடினமான சேர்க்கையை நேர்காணல் இன்றியே நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன என்பது பதற்றத்தைக் குறைக்க உதவும்.

ஒரு குறிப்பிட்ட கல்லூரி நேர்காணலுக்கு எவ்வளவு எடை தருகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஏராளமான அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுதோறும் ‘காமன் டேட்டா செட்’ என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு அந்தச் சொல்லையும் சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். அதில் சி7 என்ற பகுதிக்குப் போனால் ஓர் அட்டவணை இருக்கும். வரிசை வரிசையாகச் சேர்க்கையின் கூறுகள். எதிரே நான்கு கட்டங்கள்: மிக முக்கியம், முக்கியம், கவனத்தில் கொள்ளப்படும், கவனத்தில் கொள்ளப்படாது. படிப்பு சாராத கூறுகளின் கீழ் நேர்காணலுக்கு ஒரு வரி உண்டு. அதே பகுதியில் விண்ணப்பதாரரின் ஆர்வத்துக்கும் ஒரு வரி உண்டு. இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். நேர்காணல் ‘கவனத்தில் கொள்ளப்படும்’ என்றும் ஆர்வம் ‘முக்கியம்’ என்றும் ஒரு கல்லூரி குறித்திருந்தால், அங்கே நேர்காணலுக்குப் பதிவு செய்வதே ஒரு செய்தி. உள்ளே என்ன பேசினார் என்பது அதற்கு அடுத்தது. இரண்டுமே ‘கவனத்தில் கொள்ளப்படாது’ என்றால், அங்கே நடப்பது தகவல் பரிமாற்றம் மட்டும், போகலாம், விடலாம்.

இந்த இடத்தில் ஒரு புள்ளிவிவரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் மத்தியில் அது இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எம்.ஐ.டி. முன்பு சில ஆண்டுகள் தன் இணையதளத்தில் ஓர் ஒப்பீட்டைப் போட்டிருந்தது. நேர்காணல் முடித்தவர்களிலும் விலக்கு பெற்றவர்களிலும் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இடம் கிடைத்திருந்தது; வாய்ப்பு இருந்தும் நேர்காணலைத் தவிர்த்தவர்களில் நூறில் ஒருவர் அளவுக்குத்தான் கிடைத்தது. இதைப் படித்த எவருக்கும் நேர்காணல் வாய்ப்பைப் பத்து மடங்காக்குகிறது என்றுதான் தோன்றும். அப்படி முடிவு கட்டிவிட முடியாது. எம்.ஐ.டி.யில் சேர வேண்டும் என்று உறுதியாக இருந்த மாணவர்கள் அந்த நேர்காணலைத் தேடிப் போய் முடித்தார்கள்; கடைசி வாரத்தில் இதையும் போட்டு வைப்போம் என்று விண்ணப்பித்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள். இரண்டு கூட்டங்களும் தொடக்கத்திலேயே வேறு வேறானவை. விலக்கு பெற்றவர்கள், அதாவது நேர்காணலே நடக்காதவர்கள், முதல் கூட்டத்தோடு சேர்த்துக் கணக்கிடப்பட்டதைக் கவனித்தாலே இது புரிந்துவிடும்.

அடுத்தது, நேர்காணல் செய்பவருக்கு என்ன தெரியும் என்பது. முன்னாள் மாணவராக இருந்தால் பெரும்பாலும் பெயர், பள்ளி, தொடர்பு விவரம், சில இடங்களில் படிக்க விரும்பும் துறை, அவ்வளவுதான். மதிப்பெண்களோ கட்டுரைகளோ பரிந்துரைக் கடிதங்களோ எனக்கு வருவதில்லை, எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைக் கேட்கக் கூடாது, வேறு எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று கேட்கக் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள். (யாராவது கேட்டுவிட்டால், இன்னும் முடிவு செய்து கொண்டிருக்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லி நகர்ந்துவிடலாம்.) அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பேசுகிறோம். 2020-க்குப் பிறகு எங்களில் பலர் காணொளி அழைப்பிலேயே முடித்துவிடுகிறோம்; நேரில் என்றால் நூலகம் போன்ற பொது இடம்தான். வீட்டில் சந்திப்பதைப் பல பல்கலைக்கழகங்கள் தடை செய்துள்ளன. ஆகவே வீட்டுக்கு வரச் சொல்லும் நபரையோ பணம் கேட்கும் மின்னஞ்சலையோ கண்டால் உடனே சேர்க்கை அலுவலகத்தை அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பேசி முடித்தபின் நான் நிரப்பும் படிவத்தில் இரண்டு மூன்று மதிப்பீட்டுக் கட்டங்களும், பத்திகளாக எழுத ஒரு வெற்றிடமும் இருக்கும். அந்த வெற்றிடத்தில்தான் நேர்காணலின் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு முறை ஒரு மாணவி இருபது நிமிடம் தன் ரோபாட்டிக்ஸ் குழுவைப் பற்றிப் பேசினார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது, எதுவும் மனத்தில் நிற்கவில்லை. பேச்சின் போக்கில், தினமும் பள்ளிக்கு நடந்தே வருவதாகவும், வாசலில் உள்ள சிக்னலில் எரிச்சலோடு காத்து நிற்பதாகவும் சொன்னார். எவ்வளவு நேரம் என்று விளையாட்டாகக் கேட்டேன். 94 வினாடி என்றார். எப்படி அவ்வளவு துல்லியமாக என்றதும் விஷயம் வெளியே வந்தது. மூன்று வாரம் காலையிலும் மாலையிலும் நிறுத்துக் கடிகாரத்தோடு நின்று குறித்து, எத்தனை பிள்ளைகள் பொறுமை இழந்து சிவப்பிலேயே கடக்கிறார்கள் என்று எண்ணி, நகர மன்றத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர்கள் நேரத்தைக் குறைத்தார்கள், வெறும் ஆறு வினாடி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமையைவிட ஏமாற்றமே அதிகம் தெரிந்தது, இருபது கேட்டிருந்தாராம். விண்ணப்பக் கட்டுரையில் இதை எழுதினீர்களா என்று கேட்டதற்கு, இதெல்லாம் ஒரு சாதனையா என்று திருப்பிக் கேட்டார். என் அறிக்கையில் ரோபாட்டிக்ஸுக்கு அரை வரி. மீதி முழுவதும் அந்தச் சிக்னல்.

அதே ஆண்டு இன்னொரு மாணவர் வந்தார். ஒவ்வொரு பதிலும் ‘இது மிகச் சிறந்த கேள்வி’ என்று தொடங்கி, மூன்று கருத்துகளாகப் பிரிந்து, பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி முடிந்தது. அண்மையில் படித்த புத்தகம் எது என்றேன். தயாராக வைத்திருந்த ஒன்றைச் சொன்னார். அதில் எந்த இடத்தில் ஆசிரியரோடு உடன்படவில்லை என்றதும் நின்றுவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம்தான் வந்தது. யாரோ பணம் வாங்கிக்கொண்டு அப்படிப் பழக்கியிருக்க வேண்டும். மரியாதையானவர், நன்கு தயாராகி வந்திருந்தார் என்று எழுதினேன். அது கெட்ட அறிக்கை இல்லை, ஆனால் கோப்பில் எந்தப் பக்கமும் எடை சேர்க்காது. நூற்றுக்கு எண்பது அறிக்கைகள் இந்த ரகம்தான் என்று என் கைக்கணக்கில் சொல்வேன். போய்ச் சொதப்பினால் என்ன ஆகும் என்ற அச்சத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: சாதாரணமாகப் பேசிவிட்டு வந்தால் எதுவும் ஆகாது. ஆண்டு முழுவதும் மதிப்பெண்ணும் கட்டுரையும் பரிந்துரையும் கட்டி எழுப்பிய ஒரு விண்ணப்பத்தை நாற்பது நிமிடத் தயக்கம் இடித்துத் தள்ளிவிடாது.

கூச்சம் என்ற குறையைப் பெற்றோர்தான் பெரிதாக நினைக்கிறார்கள். இது பேச்சுப் போட்டி அன்று. யோசித்துச் சற்று நிறுத்திப் பேசும் மாணவரை நாங்கள் விரும்பவே செய்கிறோம். உண்மையில் பாதிப்பவை வேறு: சொன்ன நேரத்துக்கு வராமல் இருப்பது, மின்னஞ்சலுக்குப் பதிலே போடாதது, மற்றவர்களை இளக்காரமாகப் பேசுவது. இவற்றோடு பெற்றோரின் தலையீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காணொளி அழைப்பில் ஒரு மாணவரின் கண்கள் ஒவ்வொரு பதிலுக்கு முன்பும் திரையின் இடப்பக்கம் போய்த் திரும்பின; மூன்றாவது முறை அங்கிருந்து ஒரு செருமல் கேட்டது. நான் எதுவும் கேட்கவில்லை, மாணவர்தான் காது சிவந்துபோனார். நேரம் குறிப்பதற்கான மின்னஞ்சலையும் மகளே எழுத வேண்டும். அம்மா அப்பாவின் முகவரியிலிருந்து அது வரக் கூடாது. ஓரிரு நாளுக்குள் பதில் போய்விடட்டும், ஸ்பாம் கோப்புறையையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளட்டும். முன்னாள் மாணவர்களின் சொந்த முகவரியிலிருந்து வரும் அழைப்புகள் அங்கே போய் ஒளிந்துகொள்வது வழக்கம்.

திக்குவாய், கேட்கும் திறனில் குறைபாடு, கடுமையான பதற்றநோய் போன்றவை இருந்தால் விஷயம் வேறு. சேர்க்கை அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதினால் கூடுதல் நேரம் முதலிய ஏற்பாடுகளைப் பற்றிப் பேசலாம். அப்படியும் பிள்ளைக்கு அது வேதனையாக இருக்கும் என்றால் வேண்டாம் என்று மறுத்துவிடுவதில் ஒரு தவறும் இல்லை.

இந்தியப் பெற்றோர் பலர் மனத்தில் வைத்துக்கொண்டு வெளியே கேட்காத கேள்வி ஒன்று உண்டு: முகத்தைக் காட்டினால் பாகுபாடு வருமா? அந்த ஐயம் வரலாறு தெரியாத ஐயம் அன்று. 1922-இல் ஹார்வர்டின் தலைவர் ஏ. லாரன்ஸ் லோவெல் யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு 15 சதவீத வரம்பு வேண்டும் என்றார். வெளிப்படையான வரம்பை ஆசிரியர்கள் ஏற்கவில்லை. பிறகு அந்தக் காலத்தில்தான் ‘குணநலன்’ என்ற அளவுகோலும், அதை அளப்பதற்குப் புகைப்படமும் நேர்காணலும் பரிந்துரைக் கடிதமும் அமெரிக்காவின் உயர்மட்டக் கல்லூரிகளில் வேரூன்றின. தேர்வில் முதலிடம் பெற்றவரையும் வெளியே நிறுத்த அவை வசதியாக இருந்தன. ஆனால் ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2018-இல் விசாரணைக்கு வந்து 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்த, சேர்க்கையில் ஆசிய அமெரிக்கர்களுக்குப் பாகுபாடு காட்டுவதாகத் தொடரப்பட்ட ஹார்வர்ட் வழக்கில் வெளிவந்த ஆவணங்கள் வேறொன்றைக் காட்டின. மாணவரை நேரில் சந்திக்காமலேயே சேர்க்கை அலுவலகம் கோப்பை வைத்துத் தந்த ‘ஆளுமை’ மதிப்பீட்டில் ஆசிய அமெரிக்கர்கள் வெள்ளையரைவிடப் பின்தங்கியிருந்தார்கள். நேரில் உட்கார்ந்து பேசிய முன்னாள் மாணவர்கள் தந்த மதிப்பீட்டில் இரு தரப்பினரும் ஏறத்தாழச் சமமாக இருந்தார்கள். அதற்கான காரணம் என்ன என்பதில் வழக்கின் இரு தரப்புக்கும் கடும் கருத்து வேறுபாடு இருந்தது. அது இங்கே தேவையில்லை. முகம் காட்டினால் கெடுதல் என்ற அச்சத்துக்கு அந்த எண்கள் துணை நிற்கவில்லை என்பது மட்டும் நம் கேள்விக்குப் போதும்.

விண்ணப்பங்கள் பெருகி, முன்னாள் மாணவர்களால் எல்லாரையும் சந்திக்க முடியாமல் போய், பெருநகரப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் நேர்காணல் ஒதுக்குப்புற ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போகும் நிலையில், சில பல்கலைக்கழகங்கள் இதைக் கைவிட்டுவிட்டன. கொலம்பியா 2023-இல் நிறுத்தியது. பிரௌனும் சிகாகோ பல்கலைக்கழகமும் அதற்குப் பதிலாக மாணவர் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும் குறுங்காணொளியை ஏற்கின்றன. முன்னதற்கு 90 வினாடி, பின்னதற்கு இரண்டு நிமிடம். இவையும் ‘ஆப்ஷனல்’தான். பதினொன்றில் அப்படி ஏதாவது இருந்தால் மகள் அனுப்பட்டும்: கைபேசியில், ஜன்னல் வெளிச்சத்தில், பின்னணி இசையும் வெட்டு ஒட்டு வேலையும் இல்லாமல். கூச்சமுள்ளவர்களுக்கு, திருப்பித் திருப்பி எடுக்க முடியும் என்பதால், இது நேர்காணலைவிட எளிதாகவும் இருக்கும்.

தயாரிப்பு என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஏன் இந்தக் கல்லூரி, எதில் மனம் லயிக்கிறது, யாரும் சொல்லாமலே செய்த காரியம் எது என்ற மூன்றையும் வாய்விட்டு ஒருமுறை யாரிடமாவது பேசிப் பார்த்தால் போதும். மனப்பாடம் கூடவே கூடாது. கடைசியில் கேள்வி உண்டா என்று கேட்பார்கள். இணையதளத்தில் இருக்கும் விவரத்தைக் கேட்காமல், அந்த மனிதரின் அனுபவத்தைக் கேட்கலாம். முதலாண்டில் எது எதிர்பாராததாக இருந்தது என்று என்னிடம் ஒரு மாணவி கேட்டபோது பத்து நிமிடம் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் இரண்டு வரி நன்றி மின்னஞ்சல் அனுப்பினால் போதும்.

இனி உங்கள் ஆறு கல்லூரிகளுக்கு வருவோம். இந்த வாரமே ஆறின் சி7 அட்டவணையையும் மகளோடு உட்கார்ந்து பாருங்கள். மாணவரே பதிவு செய்ய வேண்டிய வகை எவை, அவர்களாக அழைக்கும் வகை எவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வகையில் நேரங்கள் கோடையிலேயே திறந்து, இலையுதிர் காலத்தில் நிரம்பிவிடும். நவம்பர் 1 எர்லி டிசிஷன் கெடுவுக்கு (இடம் கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்ற உறுதியோடு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை) விண்ணப்பிப்பதானால் செப்டம்பரிலேயே பதிவு செய்துவிட வேண்டும். பட்டியலில் மகளுக்கு ஆசை சற்றுக் குறைவாக உள்ள கல்லூரியோடு முதல் நேர்காணலை வைத்துக்கொள்ளட்டும். கூச்சத்தில் பாதி அங்கேயே கழன்றுவிடும். இரண்டாம் வகைக்கு, எர்லி விண்ணப்பம் என்றால் அக்டோபர் நடுவிலிருந்தும், ஜனவரி விண்ணப்பம் என்றால் பிப்ரவரி முடியும்வரையிலும் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நேர்காணலும் ஆர்வமும் இரண்டுமே கவனத்தில் கொள்ளப்படாது என்று குறித்திருக்கும் கல்லூரி அந்த ஆறில் இருந்தால், அதை மகளின் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள். அந்த மாலைப் பொழுதை அவர் கட்டுரைக்குச் செலவிட்டாலும் நல்லதுதான்.